மெட்ராஸ் பார்க்க வந்தவர்கள்

தாம்பரத்தில் பீச் வண்டி வந்து நின்றதுமே கன்னியம்மா கூட்டத்தை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரத்தைப் பிடித்துவிட்டார். அதற்கப்புறம்தான் திரும்பி, "ஏழுமல, வாடா, எடம் கீது!" என்று மகனைக் கூப்பிட்டார். நானும் அம்மாவும் கடைசியாக ஏறினோம்.

அவருக்கு எதிரே என்னை உட்கார வைக்க வேண்டும் என்று அம்மா வீட்டிலேயே திட்டம் போட்டிருந்தாள். காலை வெயில் என் முகத்தில் விழ வேண்டும், ஆனால் கண் கூசக் கூடாது. அதற்குத் தோதான பக்கம் எது என்று தினமும் அந்த வண்டியில் போகிற என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். சொன்னபடியே உட்கார்ந்தேன்.

கன்னியம்மா என்னைப் பார்க்கவில்லை. சானடோரியம் போயிற்று, குரோம்பேட்டை போயிற்று. ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை அவர் எடுக்கவே இல்லை. மீனம்பாக்கம் கிட்டே வந்தபோது ஒரு விமானம் வண்டிக்கு மேலே தாழ்வாக வந்து இறங்கியது. "யம்மாடி! சக்கரம்லாம் தெரியுதுடா!" என்று பாதி எழுந்துவிட்டார்.

அம்மா என் தொடையில் மெதுவாக இடித்தாள். சிரித்த முகமாக இரு என்று அர்த்தம்.

அவர்கள் மெட்ராஸ் பார்க்க வந்திருப்பதாகத்தான் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். உண்மையில் அவர்கள் பார்க்க வந்தது என்னை.

பஜ்ஜி இல்லாத பெண் பார்த்தல்

இந்தத் தொடரில் போன வாரம் நான் முதல் சம்பளம் வாங்கிய கதையோடு நிறுத்தியிருந்தேன். இது அதற்குச் சில வருஷங்கள் தள்ளி நடந்தது. மிருகக்காட்சி சாலை ஊருக்குள்ளிருந்து வண்டலூருக்கு வந்துவிட்ட பிறகு. கூடுவாஞ்சேரிப் பக்கம் வயல்களில் கல் நட்டு மனை போட ஆரம்பித்திருந்த நாட்கள்.

எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் எத்தனையோ பேர் வந்து பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு குறுகல். வாசலில் ஒரு டாக்சி நின்றால் இரண்டு பக்க வீடுகளிலும் கதவு திறக்கும். மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டு அக்கா, "என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். "சொல்லி அனுப்புறேன்னாங்க" என்பாள் அம்மா. அதற்கு என்ன அர்த்தம் என்று தெருவுக்கே தெரியும்.

காரணம் மட்டும் எப்படியோ சுற்றி வளைத்து வந்து சேரும். நிறம் கம்மியாம். வேலைக்குப் போகிற பெண்ணாம், அடங்காதாம். ஒருவர் என் நெற்றி அகலம் என்று சொல்லியனுப்பினார். அதற்கப்புறம் ரொம்ப நாள் நான் முடியை முன்னால் இழுத்து வாரிக்கொண்டேன்.

அதனால்தான் அப்பாவுக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூச்சிரைப்பு உண்டு. தினமும் டீக்கடை வரைக்கும்தான் நடை. அங்கே பழக்கமான ஒரு நண்பர் இந்த இடத்தைக் கொண்டுவந்தார். கூடுவாஞ்சேரியிலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும். விவசாயக் குடும்பம். நிலத்தில் ஒரு பகுதியை மனைக்கு விற்று, பையன் ரோட்டோரத்தில் சிமெண்ட், கம்பிக் கடை வைத்திருக்கிறான். அவர்களுக்கும் தாம்பூலத் தட்டோடு வந்துபோவது அலுத்துவிட்டதாம்.

"மெட்ராஸ் சுத்திப் பார்க்கிற மாதிரி வரட்டும். உங்க பொண்ணுதான் ஊரெல்லாம் தெரிஞ்சவளாச்சே, கூட்டிக்கிட்டுப் போகட்டும். புடிச்சா மேல பேசுங்க. புடிக்கலைன்னா மெட்ராஸ் பார்த்ததோட போச்சு" என்றாராம் நண்பர்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். கோயிலில் பார்ப்பார்கள், பொருட்காட்சியில் பார்ப்பார்கள், அடுத்தவர் கல்யாணப் பந்தியில் பார்ப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை, இரண்டு பக்கமும் "பெண் பார்க்க" என்ற வார்த்தையை யாரும் வாயால் சொல்லக் கூடாது.

இதில் அம்மா பட்ட பாடு தனி. கன்னியம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. சம்பந்தி என்றால் குட்டு உடைந்துவிடும். அக்கா என்றால் நாளைக்கு உறவு முறை தப்பிவிடும். நாள் முழுக்க "ஏங்க, ஏங்க" என்றே ஒப்பேற்றினாள். என் புடவையிலும் இதே தகராறு. பட்டு கட்டினால் பெண் பார்ப்பது போல ஆகிவிடும். கட்டாவிட்டால் பெண்ணே எடுபடாது. கடைசியில் யாருடைய கல்யாணத்துக்கோ எடுத்த ஒரு சில்க் காட்டன் கிடைத்தது. மல்லிகைப் பூ சரி, கனகாம்பரம் வேண்டாம் என்று தீர்ப்பாயிற்று.

என் ஞாயிற்றுக்கிழமைகள்

நான் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கிளியரிங் கம்பெனியில் டைப்பிஸ்ட். துறைமுகத்தில் இறங்குகிற சரக்குக்கான காகிதங்களை அடிப்பதுதான் வேலை. மூன்றாவது மாடி. ஜன்னலில் பார்த்தால் கப்பலின் புகைபோக்கிகளும் கிரேன்களும் தெரியும். வாரத்தில் ஆறு நாள் தாம்பரத்திலிருந்து பீச், பீச்சிலிருந்து தாம்பரம். ஏறும்போது சில நாள் இடம் கிடைக்கும். திரும்பும்போது பெரும்பாலும் நின்றுகொண்டுதான்.

ஏழாவது நாள் தலைக்குக் குளித்து, துணி துவைத்து, மத்தியானம் ஒரு தூக்கம் போடலாம் என்று பார்த்தால் யாராவது ஊரிலிருந்து வந்திருப்பார்கள். மெட்ராஸில் சொந்தக்காரர் வீடு இருந்தால், அதுவும் ரயில் நிற்கிற இடத்தில் இருந்தால், கோடை லீவில் அந்த வீட்டுக்காரர்களின் கதி இதுதான். அப்பாவால் நடக்க முடியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி, சமையலும் வேறு. நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். அதே ரயில், அதே ஸ்டேஷன்கள்.

எல்லோருக்கும் ஒரே பட்டியல். செத்த காலேஜ் என்று ஊர்க்காரர்கள் சொல்கிற மியூசியம், மவுண்ட் ரோடு பதினாலு மாடிக் கட்டடம், சமாதிகள், கடல். சேலத்துச் சித்தப்பா ஒருவர் மாடி பஸ்ஸில் மேல்தட்டு முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுக்கொண்டே இருந்தார். அவர் மனைவி பஸ் ஸ்டாப்பிலேயே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். இன்னொரு குடும்பம் பாம்புப் பண்ணை வாசல் வரைக்கும் வந்து, பாம்பு என்றால் பயம் என்று சொல்லி வெளியே உட்கார்ந்துகொண்டது.

வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது வருஷத்தில் ஒரு நாள். எனக்கு என் செருப்பு தேய்கிற நாள். கடலைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, திரும்பிப் போகும்போது வண்டியில் உட்கார இடம் கிடைக்குமா என்று யோசிக்கிறவளாகவே நான் ஆகிப்போயிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதே சலிப்போடுதான் கிளம்பினேன். கூடவே ஒரு நப்பாசையும் இருந்தது. இது முடிந்துபோனால் இனி யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை வேண்டும் என்பதைவிட இது ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

செத்த காலேஜ்

எழும்பூரில் இறங்கி மியூசியத்துக்கு நடந்தோம். அம்மா நொண்டிக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் என் பெருமையைச் சொல்ல ஆரம்பித்து, ஒவ்வொன்றையும் பாதியில் விட வேண்டியதாயிற்று.

"இவ விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சமையலெல்லாம் முடிச்சிட்டுத்தான் ஆபீஸ்..."

"அந்தச் செவப்புக் கட்டடம் இன்னாங்க?"

"அதுவா, அதுதான் மியூசியம். இவ கைப்பக்குவம் இருக்கே..."

"செவப்புக் கல்லு எங்கேந்து எட்தாந்தாங்க?"

உள்ளே திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே கன்னியம்மா நெடுநேரம் நின்றார். தலையிலிருந்து வால் வரைக்கும் நடந்து போனார், மறுபடி திரும்பி நடந்து வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் என்னைத்தான் அப்படி நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள்.

ஏழுமலை என் பக்கத்தில் வந்து நின்றான். கறுப்பாக, உயரமாக, கையில் சிமெண்ட் தூசி ஏறிய நகங்களோடு. காலையிலிருந்து எங்கள் சாப்பாட்டுப் பையை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"தெனம் இவ்ளோ தூரம் நின்னுகினே வருவீங்களா?"

"காலையில சில நாள் இடம் கிடைக்கும். சாயங்காலம் நிக்கணும்."

"நானும் கடையில நாள் பூரா நிக்கிறேன். ஆனா அலுத்துச்சின்னா மூட்டை மேல குந்திக்குவேன். உங்களுக்கு அதுகூட இல்ல." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "கால் வலிக்காதா?" என்றான்.

வந்தவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். கால் வலிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. "வலிக்கும்" என்றேன். வெளியே மரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, பொரித்த அப்பளத்தில் நொறுங்காததாகப் பார்த்து அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதைக் கவனித்துவிட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

கடல்

மறுபடி ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனையிலிருந்து பீச் ரோடு பஸ் பிடித்தோம். சமாதியில் கன்னியம்மா எல்லோரையும் போலக் குனிந்து பளிங்கில் காதை வைத்தார். உள்ளே தலைவரின் கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிற சத்தம் கேட்கும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. எத்தனையோ தடவை போயும் எனக்குக் கேட்டதில்லை. "கேக்குதுடா, நல்லாவே கேக்குது!" என்றார் அவர்.

மணலில் அம்மா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கன்னியம்மா செருப்பை அவளிடம் விட்டுவிட்டு விடுவிடுவென்று நடந்தார். தண்ணீர் காலைத் தொட்டதும் நின்றார். புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டார். ஒரு அலை வந்து இடுப்பு வரை நனைத்தது. அவர் நகரவில்லை.

"ரொம்ப உள்ள போகாதீங்க!" என்று அம்மா தூரத்திலிருந்து கத்தினாள்.

நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வழிகாட்டுகிறவளின் பழக்கம் அது. சம்பந்தம் பேச வந்தவர் கடலில் விழுந்தால் என்ன ஆவது என்ற கவலையும்தான். தூரத்தில் துறைமுகத்துக்குள் நுழைய இடம் கிடைக்காமல் கப்பல்கள் வரிசையாக நின்றிருந்தன.

"அதுல ஜனங்க கீறாங்களா?"

"கொஞ்சப் பேர் இருப்பாங்க. மிச்சமெல்லாம் சரக்கு. அந்தக் கடைசிக் கப்பல்ல உரம் இருக்குன்னு நினைக்கிறேன்."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"அந்தக் காகிதத்தை நேத்து நான்தானே அடிச்சேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தை முழுசாகப் பார்த்தார். "கெட்டிக்காரிதான் நீ" என்றார். பிறகு ஏனோ கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சரி, இந்தத் தடவை நடந்துவிடும் என்று நினைத்தேன். அந்த அலுப்பிலும், சிமெண்ட் கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை, காலையில் எந்த வண்டியையும் பிடிக்க வேண்டியதில்லை என்கிற அளவுக்கு யோசனை ஓடிவிட்டது.

திரும்பும் வண்டி

பஸ்ஸில் பீச் ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏறினால் உட்கார இடம் நிச்சயம். அம்மாவை ஒரு மூலையில் உட்கார வைத்ததுமே தூங்கிப்போனாள். ஏழுமலை கதவோரம் போய் நின்றுகொண்டான். கன்னியம்மா இந்தத் தடவை ஜன்னலைத் தேடவில்லை. என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். அவர் புடவையின் ஈரம் என் மேல் பட்டது.

"கண்ணு, ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சிக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"ஏழுமலைக்கு எங்கண்ணன் பொண்ணுதாம்மா. சின்னதுலேந்தே பேசி வச்சது. அவனுக்கும் அந்தப் பொண்ணு மேலதான் உசுரு. இவங்கப்பாருக்கும் எங்கண்ணனுக்கும் வரப்புத் தகராறு. அந்தத் துண்டு நெலத்த ரெண்டு பேருமே வித்தாச்சு. வரப்பே இல்ல இப்போ. தகராறு மட்டும் அப்டியே கீது. அந்தப் பொண்ணு வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. அவரு போகச் சொல்ற எடத்துக்கெல்லாம் போறோம், பாக்குறோம், எதுனா ஒரு கொறயச் சொல்லி வேணாம்னு வந்துட்றோம். அவரு அலுத்துப்போயி சரின்னு சொல்ற வரிக்கும் இதான்."

எனக்குப் புரிய ஒரு ஸ்டேஷன் ஆயிற்று.

"அப்ப இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

"கடல் பாக்கத்தாம்மா." சின்னப் பெண் போலச் சொன்னார். "இம்மாங்கிட்ட இருந்துகினு நான் பாத்ததே இல்ல. பொண்ணு பாக்கன்னாத்தான் என்ன வூட்ட வுட்டு அனுப்புவாரு. மெட்ராஸ் சுத்திக் காட்டுவாங்கன்னு உங்கப்பாரு சிநேகிதரு சொன்னதும், இத்த வுடக்கூடாதுன்னு நான்தான் இவனப் புடிச்சி இஸ்துகினு வந்தேன். அவன் வேணாம் பாவம்னான்."

கோபம் வந்தது. வராமல் இருக்குமா? அம்மா நொண்டி நொண்டி நடந்தது, அப்பளத்தைப் பொறுக்கி எடுத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. மாடி அறை வரைக்கும் யோசனை ஓடியதை நினைத்தபோது ரொம்ப அவமானமாக இருந்தது. சண்டை போட்டிருப்பேன். ஆனால் உடம்பில் அதற்கு வலு இல்லை. மெட்ராஸ் பார்க்க வந்ததாகச் சொல்லி என்னைக் காட்டினோம். என்னைப் பார்க்க வந்ததாகச் சொல்லி அவர் மெட்ராஸ் பார்த்துவிட்டார். யாரைச் சொல்வது?

"வூட்ல போயி இன்னா சொல்றதுன்னுதான் ரோசனையா கீது" என்றார் அவர். "போன எடத்துல பொண்ணுக்குப் பல்லு எடுப்புன்னேன். அதுக்கு முன்ன ஒண்ணு, குட்டைன்னேன். பாவம், ஒரு கொறயும் இல்லாத பொண்ணுங்க. நீ நாள் பூரா எனக்காவ அலஞ்சிருக்க. உன் மேல அப்டிப் பழி போட மனசு வரல. நீயே சொல்லு கண்ணு, இன்னா சொல்லட்டும்?"

என்னை வேண்டாம் என்றவர்கள் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. நிறம் கம்மி. அடங்காதவள். நெற்றி அகலம். அவற்றில் எத்தனை காரணங்கள் இப்படி ஏதோ ஒரு ரயிலில், ஏதோ ஒரு வரப்புத் தகராறுக்காகச் செய்தவை? நான் அவற்றையெல்லாம் நம்பிக் கண்ணாடி முன்னால் நின்றேனே.

மாம்பலத்தில் கூட்டம் ஏறியது. பைகளும் முழங்கைகளுமாக எங்கள் மேல் சாய்ந்தார்கள்.

"எனக்குப் புடிக்கலைன்னு சொல்லுங்க" என்றேன்.

"இன்னாது?"

"பொண்ணு வேணாம்னு சொல்லிட்டான்னு சொல்லுங்க."

அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "யம்மாடி! அவரு புள்ளைய ஒரு பொண்ணு வேணாம்னுட்டான்னா குதிப்பாரே மனுசன்." பிறகு அவர் கண்ணில் ஒரு கணக்கு ஓடியது. "குதிக்கட்டும். ரெண்டு நாளு குதிச்சிட்டு எங்கண்ணன் பொண்ணே போதும்னு வந்தாலும் வருவாரு. ஆனா கண்ணு, உனக்கு அது கெட்ட பேராச்சே?"

"பரவாயில்லை. இருக்கிறதோட இதுவும் இருக்கட்டும்."

தாம்பரத்தில் இறங்கியதும் ஏழுமலை சாப்பாட்டுப் பையை என்னிடம் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. அம்மா தூக்கக் கலக்கத்தோடு, "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று மூன்று தடவை சொன்னாள். கூடுவாஞ்சேரி பஸ் ஏறும் வரைக்கும் கன்னியம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அப்பாவின் கேள்வி

அந்த வாரத்திலேயே விஷயம் டீக்கடைக்கு வந்துவிட்டது. நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்பா இரைக்க இரைக்க உள்ளே வந்தார்.

"கூடுவாஞ்சேரிப் பையனை நீ வேணாம்னு சொல்லிட்டியாமே? அவங்க அம்மாகிட்டயே சொன்னியாமே?"

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "என்னடி இது? நல்ல பையனாச்சேடி. அவன்கிட்ட என்ன குறை கண்டே?"

"ஒரு குறையும் இல்லம்மா" என்றேன். அது சத்தியம். அவனிடம் ஒரு குறையும் இல்லை.

"பின்ன ஏன் வேணாம்னே?"

கன்னியம்மாவைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. கழற்றிய செருப்பை ஓரமாக வைத்தேன். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா கை ஓங்கமாட்டார், ஆனால் கத்துவார். அதற்குத் தயாராக நின்றேன். அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு அடங்குகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டது போலப் பார்த்தார்.

"சரி" என்றார் கடைசியில். "அப்ப உனக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேணும்?"

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான். வருகிறவர்களுக்கு என்னைப் பிடிக்குமா, பிடிக்குமா என்றே அத்தனை வருஷமும் போயிருந்தது. எனக்கு யாரைப் பிடிக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"தெரியலப்பா" என்றேன். "யோசிச்சுச் சொல்றேன்."

"யோசி" என்றார் அப்பா.